ஏழுக்கு நாலு

எங்கள் காம்பராவில் சாமிப் படங்கள் மாட்டிய சுவரில் கடைசியாக ஒரு மனுஷர் படமும் இருந்தது. முதலில் முருகன், அப்புறம் மாரியம்மன், அப்புறம் ஓரம் அரித்துப்போன காந்தி, அதற்கும் அடுத்து அவர். பேப்பரிலிருந்து வெட்டியெடுத்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் சோற்றுப்பசை தடவி ஒட்டி, அப்பாயியின் பழைய சேலைக் கரையால் நாலு பக்கமும் சுற்றித் தைத்த படம். அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருந்த அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் புகைக்குத் தப்பியது எதுவுமில்லை. முருகன் கறுத்தார், வேல் கறுத்தது, அவரும் கறுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, பீலியில் கைகால் கழுவி விளக்கேற்றும்போது விபூதிச் சம்புடம் என் பொறுப்பு. முருகனுக்குப் பூசி, அம்மனுக்குப் பூசி, காந்தித் தாத்தாவுக்குப் பூசி, அவருக்கும் ஒரு கீற்றுப் பூசுவேன். எந்த ஊர்ச் சாமி என்று நான் கேட்டதில்லை. தாத்தா இஸ்தோப்பில் படங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பூசு தம்பி, நல்லாப் பூசு" என்பார். அவர் கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜக் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர், கோயில் குளம் என்று போகாத கட்சி அது என்பதெல்லாம் எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று.

தாத்தா வாலிபத்தில் மூலோயா தோட்டத்தில் பேர் போட்டவர். கண்டியிலிருந்து தலாத்துஓயா தாண்டி ஹேவாஹெட்டைக்கு ஏறும் மலைப்பக்கம் அது. 1940 ஜனவரியில் அங்கே சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். அதை விசாரிக்க வைத்த கமிஷனில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கொல்வின். தாத்தா அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், கம்பளிக்குள் நானும் பூனையும் ஒடுங்கியிருப்போம், அப்பாயி வெற்றிலையை உரலில் இடிக்கிற டொக் டொக் சத்தத்துக்கு நடுவே தாத்தா சொல்வார்: "கோட்டு சூட்டுப் போட்ட மனுசன் தம்பி. ஒரு கூலிக்காரன் செத்ததுக்காக எந்திரிச்சு நின்னு பேசுனாரு. அதுவரைக்கும் நம்ம சாவ யாரு கணக்குல எடுத்தா?" அப்புறம் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியபோது பாராளுமன்றத்தில் அதை எதிர்த்துக் கையுயர்த்தியவர்களிலும் சமசமாஜக்காரர்கள் இருந்தார்கள். தாத்தாவுக்கு அந்தப் படம் சாமி வரிசையில் இருப்பதற்கு அந்த இரண்டு காரணமும் போதுமானதாக இருந்தது.

இருட்டோடு இருட்டாகப் பிரட்டுத் தப்பு அடிக்கும். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் லயம் கண் விழிக்கும். குப்பிலாம்பு ஒவ்வொன்றாக எரியும். மண்ணெண்ணெய் வாடையும், ஈரக் கம்பளி வாடையும், தணலில் வேகும் ரொட்டி வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும். அம்மா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, தலையில் கொங்காணி போட்டு, கூடைக் கயிற்றை நெற்றிக்குக் கொடுத்து, பனிக்குள் மறைந்துவிடுவாள். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிற சத்தம் மட்டும் மேலே வரும். நான் அப்பாயியிடம் இன்னொரு துண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்குவேன். ஒற்றை வாத்தியார், ஒரே ஹோல், ஐந்து வகுப்பு. வாத்தியாரய்யா வேதக்காரர். அந்தக் காலத்துக் கூலி மிஷன், 1854இல் கண்டி மலைகளில் தமிழ்த் தோட்டக்காரர்களுக்காகத் தொடங்கிய மிஷன், அவருடைய தாத்தாவைக் கிறிஸ்தவராக்கியிருந்தது.

1970 மே மாதத்தில் ஒரு நாள் லயமே கூத்தாடியது நினைவிருக்கிறது. சிறிமாவோ அம்மையாரின் கூட்டு முன்னணி வென்றுவிட்டது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆட்சியில் கூட்டு. என்.எம். பெரேரா நிதி மந்திரி, பீட்டர் கெனமன் வீடமைப்பு மந்திரி, கொல்வின் பெருந்தோட்டத்துறை மந்திரி. எங்கள் தோட்டத்துக்கே மந்திரி, சுவரில் இருக்கும் எங்கள் சாமி! யூனியன் தலைவர் பனிஸும் ஜிஞ்சர் பீரும் வாங்கிவந்து பங்கு வைத்தார். எனக்குக் கால் போத்தல் கிடைத்தது. மூக்கு வழியாகக் காற்று ஏறி இருமினேன். எங்கள் லயத்தில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடாத ஜனம் அத்தனை சந்தோஷமாக ஒரு வெற்றியைக் கொண்டாடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த யூனியன் தலைவரிடம் ஒரு புதையல் இருந்தது. 'சோவியத் நாடு' பத்திரிகை. வழவழவென்று, பாலில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும் தாள். பழைய இதழ்களை எங்களுக்குத் தருவார். அதைக் கிழித்துத்தான் நாங்கள் கொப்பிகளுக்கு உறை போட்டோம். என் தமிழ்க் கொப்பியில் கோதுமை வயலும் அதில் ஒரு பெரிய இயந்திரமும். கணக்குக் கொப்பியில் தலையில் பூத்துணி கட்டிய, கன்னம் சிவந்த பெண்கள். சமயக் கொப்பியில் வானவெளி வீரர். வாத்தியாரய்யா சமயக் கொப்பியை வாங்கிப் பார்த்து, வானவெளி வீரரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, சரி போட்டார்.

வாத்தியாரய்யாவுக்கு அந்த ஆட்சியில் ஒரு நன்மை நடந்தது. அதற்கு முந்திய அரசு 1966இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கி, பௌத்தர்களின் போயா நாட்களை விடுமுறையாக்கியிருந்தது. அதனால் ஞாயிறு ஆராதனையை வேலைக்குப் போகுமுன் விடியலிலே முடிக்க வேண்டியிருந்தது அவருக்கு. 1971இல் ஞாயிறு திரும்ப வந்தது. அன்றைக்கு அவர் வெள்ளை வேட்டியை நீலம் போட்டு வெளுத்துக் கட்டிக்கொண்டு, கொப்பித் தாளில் எழுதிய பிரசங்கத்தோடு ஒரு மாப்பிள்ளைக் களையில் லயத்தைக் கடந்து போனார். ஆனால் அவரே ஒருநாள் வீரகேசரியை மடித்துக்கொண்டு, "இஸ்ரவேலோட தூதரகத்த மூடச் சொல்லிட்டாங்களாம்" என்று கவலையாகச் சொன்னார். புதிய அரசு வந்த வருஷமே இஸ்ரேல் உறவை முறித்திருந்தது. எனக்குத் தெரிந்த இஸ்ரவேல் வேதக்கதையில் இருந்த இஸ்ரவேல்தான். மோசேயும் ஆரோனும் கொழும்பில் பெட்டி கட்டுவதாக நினைத்துக்கொண்டேன்.

மோசே கதையை வாத்தியாரய்யா சொன்னால் மலையே நின்று கேட்கும். நூற்றாண்டுக் கணக்காய்ப் பரதேசத்தில் செங்கல் அறுத்த ஜனம், தலைக்கு இத்தனை என்று கணக்கு வாங்கும் கங்காணிமார், ஒரு ராத்திரியில் புளிக்காத அப்பத்தைச் சுட்டு மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவது. புளிக்காத அப்பம் என்றால் எங்கள் ரொட்டிதான், வேறென்ன? அப்புறம் கடல் பிளக்கும். எனக்கு ஒரே ஒரு கடல்தான் கேள்வி, அது தலைமன்னார்க் கடல். அங்கேதான் எங்கள் ஆட்கள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் மோசே தடியை நீட்டியது தலைமன்னாரில், ஜனம் நடந்து கரையேறியது ராமேஸ்வரத்தில் என்று நானே முடிவு செய்து, அப்பாயிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவளும் நம்பினாள். "அப்ப ஒங்கத்த கப்பல்ல வாந்தி எடுக்க வேண்டாம்" என்றாள்.

அத்தை வாக்கப்பட்டது புசல்லாவைப் பக்கம், ரொத்சைல்ட் தோட்டம். அந்தப் பேர் பெரிய யூதப் பணக்காரக் குடும்பத்தின் பேர் என்று வாத்தியாரய்யா சொன்னார். அவர் சொன்னது மெய். அந்தக் குடும்பத்தின் மகள்வழிப் பேரன்மார், மோரிஸ் டி வோர்ம்ஸும் உடன்பிறந்த கேப்ரியலும், கோப்பி போட்ட மலை அது. லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே, 1841இல், மோரிஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை அங்கே நட்டுப் பார்த்தார். யூதர் வைத்த பேர், வெள்ளைக்காரக் கம்பனி, தமிழ் உழைப்பு. அத்தைக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவளுக்கு ரொத்சைல்ட் என்றால் அவள் கொல்லையில் காய்க்கும் சௌசௌக் கொடியும், மாமா கட்டும் ரதி வேஷமும்தான்.

மாமாவைப் போல ரதி வேஷம் கட்ட அந்தப் பக்கத்தில் ஆளில்லை. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கரும்பும் ஆமணக்குக் கொப்பும் கட்டிக் காமன் ஊன்றுவார்கள். அதிலிருந்து பங்குனி நிலா முழுசாகும் வரைக்கும் தினம் ராத்திரி தப்பும் பாட்டும். கடைசி ராத்திரி விடிய விடியக் கூத்து. ரதியும் மதனும் வீடு வீடாக வருவார்கள், பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். தூதன் வருவான், எமன் வருவான், வீரபத்திரன் கையில் தீப்பந்தத்தோடு வந்தால் நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவேன். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்ததும் ரதி விழுந்து புரண்டு ஒப்பாரி வைப்பாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பொம்பளையாட்கள் அத்தனை பேரும் அப்போது நிஜமாகவே அழுவார்கள். மாமா மீசையை மழித்து, அத்தையின் கூறைச் சேலையைக் கட்டி, மஞ்சள் பூசி, கண்மை வழிய அழுவார். அத்தை கூட்டத்தோடு உட்கார்ந்து தன் புருஷன் தாலியறுப்பதைப் பார்த்து மார்பில் அடித்துக்கொள்வாள். சேலை கிழிந்துவிடுமே என்று ஒரு கண் அதிலும் இருக்கும்.

வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்திலும், சிவப்புச் சட்டை மந்திரிமார் இருந்த காலத்திலும், காமன் கூத்துக்கு எந்தக் கந்தோரிலும் துண்டு வாங்க வேண்டியிருந்ததில்லை. அதுதான் எங்களுக்கென்று இருந்த சர்க்கார் என்று நினைக்கிறேன். கோயில் கமிட்டி, மரணச் சகாய சங்கம், கூத்து வாத்தியார், பண்டாரம், கோடாங்கி. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் யாருக்குச் சாவு விழுந்தாலும் அந்தச் சர்க்கார்தான் முதலில் வந்து நிற்கும்.

அப்புறம் மாவு குறைந்தது. நாங்கள் சோறு தின்கிற ஜனம் என்பதைவிட ரொட்டி தின்கிற ஜனம். 1973இல் உலகச் சந்தையில் கோதுமை, அரிசி, எண்ணெய் எல்லாமே தாறுமாறாக ஏறிப்போக, சர்க்காரிடம் வெளிநாட்டுக் காசு இல்லை. இறக்குமதியை நிறுத்தினார்கள், கூப்பன் அளவை வெட்டினார்கள். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வராது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களுக்கு அது நல்ல காலம், மிளகாய் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். கிராமத்துச் சிங்கள வீட்டுக்குக் கொல்லையில் ஒரு பலா, ஒரு ஈரப்பலா, நாலு மரவள்ளிக் குத்தாவது இருந்தது. லயத்துக்காரனுக்கு வாசலைத் தாண்டினால் கம்பனி நிலம். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாதென்று றோட்டில் தடுப்புப் போட்டு பஸ்ஸுக்குள் ஏறி மூட்டைகளை அமுக்கிப் பார்ப்பார்கள். கண்டியில் பாண் கடை வாசலில் விடியாத இருட்டிலிருந்தே வரிசை.

எங்கள் தட்டு எப்படி மாறியது என்பதை நான் நாக்கால் அறிவேன். முதலில் மிளகாய் இல்லாத சம்பல். அப்புறம் தேங்காய் இல்லாத ரொட்டி. அப்புறம் வத்தாளங்கிழங்கு, மரவள்ளி. அப்புறம் பீலிக்கரைக் கீரை, அதில் உப்பு மட்டும். கீழே கிராமத்தில் ஒரு சிங்கள ஆச்சியம்மே இருந்தாள், அப்பாயியின் வயசுதான். அப்பாயி தேயிலைத் தூளை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குவாள், ஆச்சியம்மே பலாக்காயை வெட்டித் தருவாள். இவளுக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் அரைகுறை, இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அரசாங்கத்தை வைவதைக் கேட்டால் முழுசாக விளங்கும். என் கொப்பியின் மேல் சோவியத் கோதுமை வயல் அப்போதும் பொன்னாக விளைந்து நின்றது. பசித்தால் அதைப் பார்ப்பேன்; அந்த இயந்திரம் எத்தனை லயத்துக்கு மாவு தரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கிப்போவேன்.

1974இல் தோட்டங்களில் சாவு கூடியதைக் குடித்தொகைக் கணக்குகளே சொல்கின்றன. கண்டி வீதிகளில் எங்கள் ஆட்கள் பிள்ளைகளோடு கையேந்தி நின்றார்கள். அப்பாயி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, பல் இல்லை என்று காரணம் சொல்லி என் தட்டில் போடுவாள். அந்த வருஷக் கடைசியில், குளிர் இறங்கிய மார்கழியில், அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள். மரணச் சகாய சங்கம் கோடித்துணிக்கு அலைந்தது. துணியும் கூப்பனுக்குத்தான். கடைசியில் ஆச்சியம்மே தன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து அனுப்பினாள்.

அம்மா ஒருமுறை அந்தக் கடைசிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றப்போனாள். தாத்தா எழுந்து வந்து, "இருக்கட்டும் புள்ள. கோவிந்தனுக்குப் பேசுனவரு" என்று மட்டும் சொன்னார். அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. 1972இல் நாடு குடியரசானபோது புதிய அரசியலமைப்பைத் தயாரித்த மந்திரியும் கொல்வின்தான். பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. சிறுபான்மையோருக்குக் காவலென்றிருந்த பழைய 29ஆம் பிரிவு போனது. தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியும், யூனியன் கூட்டத்தில் பேசினார்கள். ஆனாலும் நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை. அவரைப் போன்ற ஆயிரம் கிழவர்களின் அந்த விசுவாசத்துக்கு அந்தக் கட்சிகள் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அத்தை குடும்பத்துக்கு இந்தியத் துண்டு வந்தது அப்பாயி போவதற்கு முந்திய காமன் பண்டிகையின்போது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்கள் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று பிரித்திருந்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்குப் பாதியாக்கினார்கள். இதில் ஒரு விகிதம் உண்டு. ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. "ஏழுக்கு நாலு" என்று லயத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கிளித்தட்டு விளையாடும்போது கூட நாங்கள் அப்படித்தான் ஆள் பிரித்தோம். ஏழு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம்.

காகித வேலைக்காக அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அப்பா கண்டிக்குப் போனபோது நானும் போனேன். இந்திய ஹைகொமிஷன் கந்தோர் வாசலில் எத்தனை மலைகளின் கம்பளிகள்! பதுளைப் பேச்சு, ஹட்டன் பேச்சு, மாத்தளைப் பேச்சு. பிள்ளை அழுகை, சுருட்டு வாடை, போட்டோ பிடிக்க முதன்முதலாய்ப் பவுடர் பூசிய கிழவிகள். மத்தியானம் கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு, ஏரிக்கரை மதிலில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போது காவி உடுத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குடையோடு மெல்ல நடந்து போனார். உயரம், ஒடிசல், கண்ணாடி. "உடவத்தகலைக் காட்டு மடத்துச் சாமி. ஜெர்மன்காரர்" என்று கடலைக்காரர் சொன்னார். அத்தை எழுந்து கும்பிட்டாள். அவளுக்குக் காவி என்றால் காவிதான்.

ஞானபொனிக தேரர் என்று அவர் பேரை வளர்ந்த பிறகு படித்து அறிந்தேன். 1901இல் ஜெர்மனியின் ஹானாவ் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து துறவியானார். நாஸிகளுக்குத் தப்பி அவருடைய தாயாரும் இங்கே வந்து சேர்ந்தார். ஆனால் யுத்தம் வந்ததும் வெள்ளைக்காரச் சர்க்காரின் கண்ணுக்கு அவர் ஜெர்மன் எதிரி. தியத்தலாவையிலும் அப்புறம் இந்தியாவில் டெராடூனிலும் முகாமில் அடைத்து வைத்தார்கள். ஜெர்மனிக்கு அவர் யூதர், பிரிட்டிஷாருக்கு அவர் ஜெர்மன்காரர். கண்டி அவருக்கு வீடு கொடுத்தது. 1958இல் அங்கே பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கி, 1994இல் கண் மூடும்வரை அந்தக் காட்டோரம் இருந்தார். அவருக்கு அந்த இடம் கிடைத்ததில் எனக்கு மனமார்ந்த சந்தோஷம். அதே கண்டியில் பிறந்து, பிள்ளை பெற்று, அம்மன் கோயிலுக்கு மண் சுமந்த என் அத்தை, அந்த மதிலில் உட்கார்ந்து, போகிற துண்டுக்கு விரல் மை காயக் காத்திருந்தாள். இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் ஏரிக்கரையில் நடக்க முடிவதில்லை.

இன்னொன்றையும் பின்னால்தான் படித்தேன். என் கொப்பி உறையில் இருந்த அந்தப் பொன் வயல் நாட்டில், அதே வருஷங்களில், யூதர்கள் வெளியேற அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். அவர்களின் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரியில் இனம் யூதர் என்று எழுதியிருக்கும். அனுமதி கேட்டு மனுப் போட்டாலே பலருக்கு வேலை போகும். மறுத்துவிட்டால் வேலையுமில்லை, பயணமுமில்லை. எபிரேயம் படிப்பிப்பது ஆபத்து. அனுமதி கிடைத்தவர்கள் அந்தப் பத்து வருஷத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். எங்கள் கையில் வேறு வரி எழுதிய காகிதம், இந்திய வம்சாவளி. அங்கே போக விரும்பியவர்களைப் பிடித்து வைத்தார்கள், இங்கே இருக்க விரும்பியவர்களைக் கப்பலேற்றினார்கள். இரண்டு இடத்திலும் உழைப்பவர் பேரைச் சொல்லித்தான் கொடி பறந்தது. ஆனால் என்னை அசைத்தது வேறு செய்தி. சிம்காத் தோரா என்ற பண்டிகை ராத்திரியில் மாஸ்கோவின் ஆர்க்கிபோவா தெருவில், தொழுகைக்கூடத்து வாசலில், ஆயிரக்கணக்கான யூத இளைஞர்கள் வருஷா வருஷம் கூடி நின்று பாடி ஆடுவார்களாம். வேதம் படித்தறியாத பிள்ளைகள்கூட. சுற்றிலும் கண்காணிப்பவர்கள் நிற்க, தெரு நிறைய ஆட்டம். அதைப் படித்தபோது எனக்குத் தப்புச் சத்தம் கேட்டது, மாமாவின் மஞ்சள் முகம் தெரிந்தது.

அந்தக் கடைசிக் கூத்தில் மாமா அழுததை யாரும் வேஷமென்று நினைக்கவில்லை. பயண நாள் குறித்தாயிற்று. மதன் எரிந்து சாம்பலான இடத்தில் ரதி புரண்டு எழுந்திருக்கவேயில்லை. கூத்து வாத்தியார் போய்த் தூக்கினார். கோடாங்கி, தானும் போகிறவன்தான், உடுக்கையை மாற்றி அடித்து அடுத்த பாட்டை ஆரம்பித்தான்.

கண்டி ஸ்டேசனில் ராத்திரிக் கோச்சி. ஒப்பாரிக் கோச்சி என்றே மலையில் அதற்குப் பேர். தகரப்பெட்டி, அம்மிக்கல், பித்தளைக் குடம், ஒரு முழத் தேயிலைக் கன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்த யாரோ ஒரு கிழவர். அத்தையின் மூன்று பிள்ளைகளும் சன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. தலைமன்னாரில் கடல் பிளப்பதை அவர்கள் பார்த்துவிடுவார்களே. சின்னவனிடம் "நடந்து போறப்ப எனக்கு ஒரு சங்கு பொறுக்கி வையிடா" என்றேன். அவனும் சரியென்றான். கோச்சி அசைந்ததும் பிளாட்பாரத்தில் ஒரே குரலாக எழுந்த அழுகை போகம்பரைச் சிறை மதில்வரை கேட்டிருக்கும்.

மண்டபம் முகாமிலிருந்து முதல் காகிதம் வந்தது. அப்புறம் கோத்தகிரியிலிருந்து. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேருக்கும் வேலை. அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்களாம். பின்னால் இன்னொரு காகிதத்தில், லயத்துக்கு மேலே ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று பொட்டு வைத்துவிட்டோம், கோடாங்கியும் இங்கேதான் இருக்கிறான் என்று எழுதியிருந்தது.

இங்கே 1972இன் காணிச் சட்டத்தோடு ஆளுக்கு 50 ஏக்கர்தான் என்றாயிற்று. 1975 ஒக்டோபரில் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது. துரை போனார். பங்களாவில் வேறு ஆள் வந்தார். நூறு வருஷக் கம்பனி ஆட்சி முடிந்ததில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மலையைப் பிரித்துக் கொடுக்கக் கணக்கெடுத்தவர்களின் கொப்பியில் அந்த மலையைக் கொத்தி உண்டாக்கியவர்கள் பேர் இல்லை. அந்த ஒக்டோபருக்கு ஒரு மாதம் முன்பே சமசமாஜக் கட்சியை அரசிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். தாத்தா வானொலிச் செய்தியை முழுக்கக் கேட்டார். "கோவிந்தனுக்குப் பேச ஆளிருந்தது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

எங்கள் பிரஜாவுரிமைத் துண்டு வந்தது அதற்குச் சில வாரம் கழித்து. அப்பா பெரிய கிளாக்கரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஓடி வந்தார். தாத்தா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடியில் வைத்து, விரலை மடக்கினார். "நான், ஒங்கப்பன், ஒங்கம்மா, நீ. நாலு." அப்புறம் மற்றக் கையையும் சேர்த்துக்கொண்டார். "ஒங்கத்த, அவ புருசன், மூணு புள்ளைக. கோடாங்கி, அவங்காத்தா. ஏழு. கணக்குச் சரியாத்தான் இருக்கு." அப்பாயி எந்தக் கையிலும் வரவில்லை.

அன்று ராத்திரியே அத்தைக்குக் காகிதம் எழுதச் சொன்னார். நான் வான்கடிதத்தை மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் விரித்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். துண்டு வந்த விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். மற்றதெல்லாம் கேள்விதான். அங்கே கவ்வாத்து எத்தனை அங்குலத்தில் வெட்டுகிறார்கள், ஒரு பேருக்கு எத்தனை றாத்தல் கேட்கிறார்கள், மாவு தாராளமாய்க் கிடைக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, வருகிற மாசிக்குக் காமன் ஊன்ற ஆமணக்குக் கொப்பு அந்த மலையில் கிடைக்குமா, மாப்பிள்ளை இன்னும் ரதி கட்டுகிறாரா. ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. சின்னவனுக்கு நான் கேட்ட சங்கு பொறுக்கினானா என்று நுணுக்கி எழுதி ஒட்டி, காலையில் தபால்காரரிடம் கொடுத்தேன்.